பின்பக்கப் பேர்ஸ்

வான் சாரதி சீனிமுகம்மதுவுக்கு வலது குண்டியில் வலி. சீட்டில் இருந்தால் குத்தும், அரை மணி நேரம் வான் ஓட்டினால் தொடை வழியாக இறங்கிக் கெண்டைக்கால் வரை இழுக்கும். வேறு நேரமென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருப்பார். ஆனால் மகள் றிப்னாவுக்குப் பேராதனைக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்திருந்தது. அடுத்த மாதம் அவளைத் தன் வானிலேயே கொண்டுபோய் இறக்கப்போவதாகக் கல்முனை முழுக்கச் சொல்லித் திரிந்தாயிற்று. சண்டையும் முடிந்துவிட்டது, பாதையும் திறந்துவிட்டது, இந்தக் குண்டி மட்டும் மறித்துக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

சுனாமியன்று மதிலேறி விழுந்த அடிதான் காரணம் என்று அவர் சாதித்தார். மனைவி றபீக்கா வாய்வு என்று உப்பு ஒத்தடம் கொடுத்தாள். சீட்டுக்கு மெத்தை போட்டும் பார்த்தார்கள். கடைசியில் றிப்னாதான் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டொக்டர் நிரோஜினி முதுகையும் காலையும் சோதித்தார். பிறகு கதிரையில் இருக்கச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தார். மனுசன் ஒரு பக்கம் சரிந்திருந்தார்.

"பின் பொக்கட்டுக்க என்ன இரிக்கு?"

பேர்ஸ் மேசைக்கு வந்தது. செங்கல் மாதிரித் தடிப்பு. வீட்டார் எல்லோரின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதிகள், காணி உறுதிப் பத்திரத்தின் மடித்த பிரதி. அலை வீட்டோடு பத்திரங்களையும் கொண்டுபோனபின், தான் யாரென்று நிரூபிக்க ஏழு மாதம் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தவர் அவர். அன்றிலிருந்து எல்லாவற்றையும் உடம்போடு வைத்துக்கொண்டு, அதன் மேலேயே இருந்து வான் ஓட்டினார்.

குண்டித் தசைக்குள் போகும் நரம்பை இதுதான் நெரிக்கிறது என்றார் டொக்டர். பேர்ஸை எடுக்க வேண்டும், மணிக்கொருதரம் இறங்கி நடக்க வேண்டும், படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கும் பயிற்சி செய்ய வேண்டும், கால் மரத்துப்போனால் உடனே வர வேண்டும். மூன்று வாரத்தில் வலி பாதிக்கு மேல் இறங்கியது.

புறப்படும் நாள் பேர்ஸை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். லைசன்ஸ் மட்டும் சட்டைப் பையில். நிர்வாணமாகப் போவது போலிருந்தது.

அம்பாறை தாண்டிச் சோதனைச் சாவடி தெரிந்ததும் கால் தானாக பிரேக்கை மிதித்தது. கை பின்பக்கம் பாய்ந்தது. அங்கே ஒன்றுமில்லை.

"வாப்பா, ஆருமில்ல. எடுங்க" என்றாள் றிப்னா.

மண்மூட்டைகள் இல்லை, துவக்கோடு நிற்கும் ஆமிக்காரன் இல்லை. கொட்டிலுக்குள் ஓர் ஆடு படுத்திருந்தது. இருபது வருடத்தில் இந்த இடத்தை அவர் அடையாள அட்டை காட்டாமல் கடந்ததேயில்லை.

"ஒருத்தருமே இல்லயா?"

"இல்ல வாப்பா."

அவர் சிரித்துக்கொண்டே பின்பக்கம் போன கையை முன்னால் எடுத்தார். கியரைப் போட்டார்.