டிவியை அணைத்தது யார்?

என் வீட்டுக்காரருக்குச் செருப்புக்கடையில் வேலை. வீட்டுக்கு வந்தால் இன்ஜினியர். எங்கோ மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பெட்டி ரிமோட் பிளக்குகளை வாங்கி வந்து, விளக்கு, ஃபேன், டிவி எல்லாவற்றையும் அதில் சொருகினார். தீப்பெட்டி அளவு சர்க்யூட் ஒன்றை ஜன்னலில் டேப் போட்டு ஒட்டி, அதைத் தன் போனோடு இணைத்தார். கடையிலிருந்தே கூடத்து விளக்கைப் போடுவார். பட்டப்பகலில் விளக்கு எதற்கு என்று கேட்டால் எனக்கு டெக்னாலஜி தெரியாதாம்.

கொஞ்ச நாளில் டிவி தன் இஷ்டத்துக்கு அணைய ஆரம்பித்தது. மாமனார் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார், பொசுக்கென்று நின்றுவிடும்.

"அப்பா, சுவிட்சைத் தொட்டீங்களா?"

"நான் ஏன்டா தொடப்போறேன்?"

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இவருக்குப் பெற்ற அப்பாவே கோணல். தினமும் அதே கேள்வி. "இல்லடா" என்றவர், "தெரியலையேடா" என்றார். அப்புறம் "கை பட்டிருக்கும்" என்றார். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும். கடைசியில் யாரும் கேட்காமலே "நான்தான்" என்று சொல்லத் தொடங்கினார். ஒரு காலத்தில் நகரம் முழுக்க பஸ் ஓட்டியவர், டிவி பார்க்கும்போது தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறதி வியாதியா இருக்கும். இனிமே தனியா வெளிய விட வேணாம்" என்று மகன் அவர் சட்டைப்பையிலிருந்த வாசல் சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார். சாயங்காலம் டிப்போ பக்கத்து டீக்கடையில் பழைய டிரைவர்களோடு உட்காருவதும் அதோடு நின்றது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மாமா குளித்துக்கொண்டிருக்கும்போதுகூட ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கியதை என் கண்ணால் பார்த்தேன். "நீயே போட்டுட்டு மறந்திருப்ப" என்றார் இன்ஜினியர். இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு மத்தியானம், இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க மாடி வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா, "இரு, இந்த ஃபேன் இரைச்சல்ல நீ பேசுறதே கேக்கல" என்று ஒரு ரிமோட்டை அழுத்தினார். ஃபேன் நின்றது. கீழே எங்கள் டிவி சத்தமும் நின்றது. உடனே மாமாவின் குரல்:

"திட்டாதீங்கப்பா, நான்தான் அணைச்சிட்டேன்!"

வீட்டில் திட்டுவதற்கு ஆளே இல்லை.

ரிமோட்டைப் பிடுங்கி அழுத்தினேன். சத்தம் வந்தது. மறுபடி அழுத்தினேன். போனது. அக்காவும் அதே மலிவுப் பெட்டியைத்தான் வாங்கியிருக்கிறார். ஒரு வீட்டு ரிமோட் இன்னொரு வீட்டில் வேலை செய்யாமலிருக்க, பிளக்கின் பின்பக்கத்துக் குட்டி சுவிட்சுகளை வீட்டுக்கொரு மாதிரி மாற்றி வைக்க வேண்டும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. இரண்டு வீட்டிலும் அதை யாரும் தொடவே இல்லை.

"அதான் எங்க லைட்டும் பகல்ல தானா எரியுதா? நான் காத்து கருப்புன்னுல்ல நெனச்சேன்!" என்றார் அக்கா.

ரிமோட்டோடு கீழே ஓடி, மாமாவின் காலடியில் உட்கார்ந்து அழுத்திக் காட்டினேன். "பாருங்க மாமா! நீங்க இல்ல, இந்தச் சனியன்தான்!" சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவர் ரிமோட்டைப் பார்த்தார், சுவரிலிருந்த சுவிட்சைப் பார்த்தார்.

"சரிம்மா, இப்ப அணைச்சது இது. ஆனா நேத்து நான்தான். எழுந்து போனேன், சுவிட்சுல விரலை வெச்சேன். நல்லா ஞாபகம் இருக்கு."

நேற்று டிவி அணைந்தபோது நான் அவர் பக்கத்தில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல மாமா, நீங்க நாற்காலிய விட்டு எழுந்திருக்கவே இல்ல" என்றேன்.

"அப்படியா?" என்றார். பிறகு சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.