யன்னல் பக்க மேசை

யுத்தம் நடந்த அந்த ஆண்டுகளில் கொழும்பு வெள்ளவத்தையில் பெண் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சைவக் கடைகளில் நடந்தது. தரைப்பாதை மூடியிருந்ததால் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வருபவர்களும் லொட்ஜில்தான் தங்கினார்கள், வெளிநாட்டிலிருந்து பெண் தேடி வருபவர்களும் லொட்ஜில்தான் தங்கினார்கள். வீட்டுக்கு அழைக்க வீடு இல்லை. ஆகவே இரண்டு குடும்பங்களும் ஒரே கடைக்குத் தோசை சாப்பிட வரும். வெவ்வேறு மேசைகளில், ஒருவரையொருவர் தெரியாத மாதிரி இருப்பார்கள். சாப்பிட்டு முடியும்போது இரண்டு பக்கத்துக்கும் பிடித்திருந்தால் பெரியவர் ஒருவர் எழும்பி, "அட, நீங்களே! எங்கை இந்தப் பக்கம்?" என்பார். பிடிக்காவிட்டால் கை கழுவிவிட்டுப் போகலாம். ஒருவருக்கும் அவமானம் இல்லை.

எனக்கு அந்த ஏற்பாடு வசதியாக இருந்தது. கதைக்கத் தேவையில்லை. ஆனால் அன்று என்னிடம் ஒரு கேள்வி இருந்தது.

நான் இரசாயனவியலில் பட்டம் எடுத்துவிட்டு, வத்தளையில் ஒரு பெயின்ற் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். மேலே படிக்க விரும்பினேன். கலியாணத்துக்குப் பிறகும் படிக்கலாம் என்றால் மாப்பிள்ளை இருக்கும் நோர்வேக்குப் போவேன். இல்லையென்றால் போகமாட்டேன். அம்மாவிடம் சொன்னேன்.

"அதெல்லாம் பிறகு கதைக்கலாம், பிள்ளை" என்றார் அம்மா.

அம்மா கப்பலில் வந்தவர். இராணுவம் அவருக்குக் கொடுத்த பயணப் பாஸ் முடியப்போகிறது. வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகவேண்டும் என்பது அவருடைய அவசரம். பிறகு என்றால் வாக்குக் கொடுத்த பிறகு. அப்போது கேட்டு என்ன பயன்? அன்றைக்கே கேட்கவேண்டும். யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை. பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைச் சொல்லவே எனக்குக் குரல் வராது.

மாப்பிள்ளையின் பெயர் சிவபாலன். படம் ஒன்று வந்திருந்தது. பனியில் எடுத்த படம். தொப்பிக்கும் கழுத்துத் துணிக்கும் நடுவில் ஒரு மூக்குக்கண்ணாடியும் மூக்கும் தெரிந்தன. மற்ற விபரங்களைக் கதிர்காமநாதன் மாமா தொலைபேசியில் கேட்டுவைத்திருந்தார்.

"மேல்மாடி. யன்னல் பக்க மேசை. நீலக் கோடு போட்ட சேர்ட். தகப்பனோடை வருவார். ஒருதரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது."

நாங்கள் படியேறியபோது அவர்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். யன்னல் பக்க மேசை, நீலக் கோடு, கண்ணாடி, பக்கத்தில் வழுக்கைத் தலையுடன் தகப்பன். நாங்கள் மூன்று மேசை தள்ளி இருந்தோம்.

"தலையைக் குனியாதை" என்றார் அம்மா மெதுவாக. "நிமிர்ந்தும் இராதை."

அதன் பிறகு அம்மாவும் மாமாவும் திரும்பிப் பார்க்காமல் எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

"கையாலை சாப்பிடுறார், அண்ணை. கரண்டி கேட்கேல்லை. வெளிநாடு ஆளைக் கெடுக்கேல்லை."

"மீசை வைக்கேல்லைப் போலை."

"தகப்பனுக்குத் தண்ணி ஊத்திக் குடுக்கிறார். பாருங்கோ. பார்க்காதேங்கோ."

"ரெண்டாவது மசாலாத் தோசை" என்றார் மாமா திருப்தியோடு. "நல்ல உடம்பு."

அம்மாவின் கண் கலங்கியிருந்தது. நான் சாம்பாரில் கிடந்த கறிவேப்பிலையை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். மாமா கடைசித் துண்டு வடையை எடுத்தார். அதை விழுங்கியதும் எழும்பி "அட, நீங்களே!" என்று கேட்கப்போகிறார். அதற்குப் பிறகு என் கேள்விக்கு இடம் இல்லை.

நீலச் சட்டைக்காரர் கை கழுவ எழும்பினார். நானும் எழும்பினேன். அம்மா என் சேலையைப் பிடிக்கப் பார்த்தார். பிடி தவறிவிட்டது.

கை கழுவும் இடம் ஒரு மரத் தட்டிக்குப் பின்னால் இருந்தது. அவர் குழாயைத் திறந்திருந்தார்.

"ஒரு கேள்வி" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கலியாணத்துக்குப் பிறகு நான் மேலை படிக்கலாமோ? ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ."

அவர் எனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தார். ஒருவரும் இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"படிக்கலாம்தானே" என்றார் கடைசியில். "படிப்பு நல்லம்தானே. ஆனா தங்கச்சி, நீங்க ஆரு?"

அப்போது இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். தலையில் முந்தானை. குழந்தையின் கையில் பாதி கடித்த லட்டு. கீழே கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் இனிப்புகளைக் காட்டிக் குழந்தையின் அழுகையை நிறுத்திவிட்டு வருகிறாள் என்று பிறகு தெரிந்தது.

"இவ ஆரு?" என்று அவரைக் கேட்டாள்.

"கலியாணத்துக்குப் பொறகு படிக்கலாமாண்டு கேக்கிறா."

"ஆருட கலியாணத்துக்கு?"

"அதான் எனக்கும் வெளங்கல்ல."

குழந்தை "வாப்பா" என்று அவரிடம் தாவியது. எனக்கு விளங்கிவிட்டது. சுவரில் ஒரு துளை இருந்திருந்தால் அதற்குள் போயிருப்பேன். யன்னல், நீலக் கோடு, நோர்வே என்று எதையோ சொன்னேன். சொன்னதில் பாதிதான் வெளியே வந்திருக்கும். அவளுக்கு அது போதுமாக இருந்தது. தட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ட மாப்புளக்கு இன்னொரு சம்பந்தம் வந்தீக்கி!" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "பயப்புட வாணாம், தங்கச்சி. நாங்க மாளிகாவத்த ஆக்கள். மாமாக்கு இந்தக் கடத் தோச இல்லாட்டி ஞாயித்துக்கெழம போகாது. என்ட பேர் ரபீக்கா. இவர் புவாத்."

புவாத் தலையாட்டினார். சந்தித்ததில் மகிழ்ச்சி என்பதுபோல.

"நல்ல கேள்விதான் கேட்டீக்கிறீங்க" என்றாள் ரபீக்கா. "நான் கேக்கல்ல. ஏ.எல். சோதன எடுத்த கையோட கலியாணம்."

"கேட்டீந்தா நான் வாணாண்டு சொல்லீப்பேனா?" என்றார் புவாத்.

"கேக்கல்லயே. அதத்தானே சொல்றேன்."

ஒரு கணம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குழந்தை அவருடைய நீலச் சட்டையில் லட்டைப் பூசியது.

படியில் அவசரமாக ஆட்கள் ஏறி வரும் சத்தம் கேட்டது. மூச்சு வாங்க ஒரு முதியவர். அவருக்குப் பின்னால் வியர்வையில் நனைந்த, நீலக் கோடு போட்ட ஒரு சட்டை. இருவரும் யன்னல் பக்கம் பார்த்தார்கள். அங்கே வேறு யாரோ இருப்பதைக் கண்டு நடு வழியில் நின்றுவிட்டார்கள்.

ரபீக்கா என்னை முந்திக்கொண்டு மேசைக்குப் போனாள். "மாமா, எழும்புங்க. மேச மாறுவம். இங்க வெயில்." வெளியே வெயில் இறங்கிவிட்டிருந்தது. அவளுடைய மாமனார் கேள்வி கேட்காமல் தேநீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். புவாத் தட்டுகளைத் தூக்கினார். யன்னல் பக்க மேசை காலியானது.

நான் திரும்பி வந்து இருந்தேன். அம்மாவின் முகம் வெளுத்திருந்தது.

"பிள்ளை, அது ஆற்றை குழந்தை?"

"அது அவை இல்லை, அம்மா. இவைதான் அவை."

மாமா குழம்பிப்போனார். வந்தவர்கள் கதிரையில் இருக்க முன்னரே எழும்பி, கடை முழுவதற்கும் கேட்க, "அட, நீங்களே! எங்கை இந்தப் பக்கம்?" என்றார். சாப்பிட்டு முடிந்து சொல்லவேண்டியதைச் சாப்பிட முதலே சொல்லிவிட்டார். இனித் தெரியாத மாதிரி இருக்க முடியாது. எல்லோரும் ஒரே மேசைக்கு வந்தோம்.

"மன்னிக்கவேணும்" என்றார் சிவபாலன். "கொட்டாஞ்சேனையிலை இருந்து வாற வழியிலை ஆமி பஸ்ஸை மறிச்சு எல்லாரையும் இறக்கிப்போட்டாங்கள். அப்பாவை விடேல்லை. ஏன் கொழும்புக்கு வந்தனீங்கள், எங்கை நிக்கிறியள் எண்டு திருப்பித் திருப்பிக் கேள்வி." தகப்பனின் அடையாள அட்டையை இன்னும் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். தகப்பன் நவரத்தினம் தண்ணீர் குடித்தார்.

மாமா பஸ்ஸைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அடுத்த மேசையில் ரபீக்கா குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நாடியை மெல்ல உயர்த்தினாள். கேள் என்று.

கேட்டேன். அதே சொற்கள்தான். ஒருமுறை சொல்லிப் பார்த்த சொற்கள் என்பதால் தடுமாறவில்லை.

அம்மா மேசைக்குக் கீழே என் துடையைக் கிள்ளினார். நவரத்தினம் இருமினார். சிவபாலன் அடையாள அட்டையை மேசையில் வைத்தார்.

"நான் அதை யோசிக்கேல்லை" என்றார். அது உண்மை என்று முகத்தில் தெரிந்தது. "முதல் அந்த நாட்டுப் பாஷை படிக்கவேணும். கஷ்டம். அதுக்குப் பிறகு படிக்கலாம். எனக்கு இரவு வேலை. நீங்கள் வகுப்புக்குப் போனால் நான் பகலிலை நிம்மதியா நித்திரை கொள்ளலாம்."

"அப்ப ஓமோ?"

"ஓம்."

அம்மா கிள்ளிய இடத்திலிருந்து கையை எடுத்தார். மாமா எல்லோருக்கும் தோசை சொன்னார்.

மாளிகாவத்தைக்காரர்கள் எங்களுக்கு முன்னர் புறப்பட்டார்கள். எங்கள் மேசையைக் கடக்கும்போது ரபீக்கா என் பக்கம் குனிந்தாள்.

"என்ன செல்லிய?"

"ஓம் எண்டவர்."

"அப்ப ரெண்டு பேரும் ஓமெண்டீக்கி" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே படியிறங்கினாள்.

நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நாளுக்குரிய குரல் அவ்வளவும் முடிந்துவிட்டிருந்தது.

இரவு லொட்ஜில் அம்மா தலை வாரிக்கொண்டே, "சிவபாலன் நல்ல பெடியன்" என்றார். சீப்பில் சிக்கிய முடியை உருவி எடுத்தார். "அந்தப் பெடியனும் நல்ல பெடியன்தான். என்ன வடிவாச் சாப்பிட்டவன்."

ஒஸ்லோவில் எனக்குப் பட்டம் கிடைத்தபோது எடுத்த படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். இன்னொரு பிரதியும் எடுத்தேன். மாளிகாவத்தையில் எந்தத் தொடர்மாடியில் இருக்கிறார்கள் என்று கேட்க அன்று தோன்றவில்லை. அந்தப் பிரதி என்னிடமே இருக்கிறது. பின்பக்கத்தில் ரபீக்காவின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.