தூங்காத வண்டி

எட்டு மாதம்கூட ஆகாத வண்டி, பன்னிரண்டு நாளில் மூன்றாவது முறையாகப் படுத்துக்கொண்டது. ஜீவானந்தம் காரின் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார். உள்ளே ஒரு விளக்குகூட எரியவில்லை.

பழைய ஜீப்பு ஓட்டிப் பழகிய கை அது. பேட்டரி போனால் மேட்டிலிருந்து உருட்டிவிட்டு கியரைப் போடு, உயிர் வந்துவிடும் என்பது மலைக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த வித்தை. அதை நம்பித்தான் கரடியூர் வீட்டுக்கு மேலே, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில், சரிவாகப் பார்த்து நிறுத்தியிருந்தார். ஆனால் இது தானாகக் கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி. உருட்டினால் உருளும், உயிர் வராது.

மகள் கீர்த்திகாவுக்குக் கல்யாணச் சீராக அவர் கொடுத்த வண்டி. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அவள் அதைத் தனியாக ஓட்டிக்கொண்டு சேலத்திலிருந்து மலையேறி வந்தாள். பெட்டியோடு வந்தாள். "நான் இனி அங்க போகலீங்கப்பா" என்றாள்.

ஜீவானந்தம் கரடியூரின் ஊர்க்கவுண்டர். புருஷனோடு பிணங்கி வந்த பெண்களுக்கு நியாயம் பேசித் திருப்பி அனுப்புவது அந்த வாசலில் மூன்று தலைமுறையாக நடக்கிற காரியம். ஊரார் பெண்ணுக்கு ஒரு நியாயம், தன் பெண்ணுக்கு ஒரு நியாயமா என்று நாளைக்கு எவனும் வாய் திறந்துவிடக் கூடாது. அவர் மகளை உட்காரவைத்து என்ன ஏது என்று கேட்பதற்கு முன்பே அந்தக் கவலைதான் அவர் மனதில் வந்து உட்கார்ந்தது.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை தமிழ்செல்வன் போன் செய்தார். சேலத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவர். குரலில் கோபமே இல்லை. அதுவே ஜீவானந்தத்துக்கு மதிப்பாகப் பட்டது.

"மாமா, நான் சொல்லக் கூடாதுங்க. வேற ஆள் மூலமா உங்க காதுக்கு வந்தரக் கூடாதேன்னு சொல்றேன்" என்று ஆரம்பித்தார். போன செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு அஸ்தம்பட்டியில் ஒரு மாடி வீட்டு முன்னால் முக்கால் மணி நேரம். வியாழக்கிழமை அதே வீட்டு முன்னால் ஒரு மணி நேரம். சனிக்கிழமை மறுபடியும். நாளும் நேரமும் பிசகாமல் சொன்னார். கண்ணால் பார்த்தவர் யாரோ சொல்லியிருக்க வேண்டும் என்று ஜீவானந்தம் நினைத்துக்கொண்டார். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

கீர்த்திகாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அது சாரா ஊடுங்கப்பா. என்கூடப் படிச்சாளே, அவ. அவகிட்டப் போய்க் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தாத்தான் எனக்கு மூச்சு வருது."

"அப்ப சேர்வராயன் கோயில்ல வந்து சத்தியம் பண்ணு."

அந்த மலையில் சேர்வராயன் மேல் செய்த சத்தியத்துக்கு மேல் விசாரணை கிடையாது. கீர்த்திகா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்த நிமிர்வு அவரிடமிருந்து வந்ததுதான்.

"நான் சொன்னா நம்புங்க. சாமியைச் சாட்சிக்குக் கூப்பிட்டாத்தான் நம்புவீங்கன்னா, நம்பவே வேண்டாங்க."

சத்தியத்துக்கு வராதவள் குற்றவாளி. முப்பது வருடமாக அவர் அப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். அனுப்பிவைக்க நாள் குறித்தார். அன்றைக்கு வண்டி படுத்தது. ஆள் பிடித்துச் சார்ஜ் ஏற்றி மறுபடி நாள் குறித்தார். மறுபடியும் படுத்தது. போக மனமில்லாதவள் வேண்டுமென்றே விளக்கை எரியவிட்டுப் பேட்டரியைக் காலி செய்கிறாள் என்று தீர்மானித்து, சாவியை வாங்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இதோ, இன்றைக்கும் படுத்துவிட்டது.

"என்னமோ செஞ்சு வெச்சிருக்கா உம்மவ" என்றார் மனைவியிடம்.

மல்லிகா மகளின் பெட்டியை அடுக்கப் போனாள். அவள் பேசி அந்த வீட்டில் எது நடந்திருக்கிறது?

ஏற்காட்டிலிருந்து ஆண்டனி ராஜ் பைக்கில் வந்தான். வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிறவன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஷெட் வைத்திருக்கிறான். கொண்டுவந்த பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து வண்டியைக் கிளப்பினான்.

"இப்பக் கிளம்பிருச்சுன்னு சேலத்துக்கு உட்றாதீங்க கவுண்டரே. வளைவுல நின்னுச்சுன்னா நீங்களும் நானும் தள்ளோணும். ஷெட்டுல உடுங்க, என்னன்னு பாத்தர்றேன்."

வளைவில் நிற்பதுகூடப் பரவாயில்லை. சம்பந்தி வீட்டு வாசலில் நின்றுபோனால்? அதை நினைத்தே ஜீவானந்தம் ஒரு முடிவு செய்தார். மகள் பஸ்ஸில் போகட்டும். வண்டியைச் சரிசெய்து தானே கொண்டுபோய் விடுவது. மகள் பஸ்ஸில் வருகிறாள் என்று மட்டும் மாப்பிள்ளைக்குப் போனில் சொன்னார்.

மல்லிகா வாசலில் நின்றுகொண்டாள். அப்பாவும் மகளும் வண்டியில் கிளம்பினார்கள்.  ஏரிக்கு இறங்கும் வளைவு வந்ததும் கீர்த்திகா வாயைத் திறந்தாள்.

"அப்பா, அவரு என்னை அடிக்கறதில்லீங்க. அடிச்சிருந்தாக்கூட உங்களுக்குக் காட்டலாம். நான் எங்க போனேன், எத்தனை நேரம் நின்னேன், யாருகிட்ட என்ன பேசினேன், எல்லாத்தையும் சாயங்காலம் உக்காத்திவெச்சு வரிசையாச் சொல்றாரு. எப்படித் தெரியுதுன்னே தெரியலீங்க. குளிக்கப் போறதுக்குக்கூடப் பயமா இருக்குதுங்கப்பா."

"தெரிஞ்சா என்ன? மடியில கனமில்லைன்னா வழியில பயமெதுக்கு?"

"பயமா இருக்குதுன்னு சொல்றேனுங்க."

"போனதும் மாமியா கால்ல உழுந்து எந்திரி. அதோட முடிஞ்சு போச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேருந்து நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டு, முன்னால் இரண்டாவது இருக்கையில் இடமும் பிடித்துக் கொடுத்தார்.

"போறேங்கப்பா" என்றாள்.

"போயிட்டு வர்றேன்னு சொல்லு கண்ணு" என்றார்.

பஸ் நகர்ந்துவிட்டது.

ஷெட்டில் ஆண்டனி ராஜ் பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி நடுவில் கரண்ட் இழுப்பதைக் காட்டும் மீட்டரைக் கோத்துவைத்திருந்தான். கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக வண்டி நினைக்கும்படி கொக்கியைத் திருப்புளியால் அழுத்திவிட்டிருந்தான்.

"இப்ப என்ன பண்ணோணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. டீ குடிக்கோணும். வண்டி தூங்கோணும். அது தூங்கினாத்தான் உள்ள எவன் முழிச்சிருக்கறான்னு தெரியும்."

அரைமணி நேரம் போயிற்று. மீட்டரில் எண் இறங்கவே இல்லை.

"புது மாப்பிள்ளையாட்டம் கண்ணை மூடிக்கிட்டு முழிச்சிருக்குதுங்க" என்று சிரித்தான் ஆண்டனி ராஜ். பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தான். பாட்டுப் பெட்டி, இல்லை. உள்விளக்கு, இல்லை. கதவுப் பூட்டு, இல்லை. ஒவ்வொன்றுக்கும் மீட்டரை எட்டிப் பார்த்தான். பதினோராவது ஃபியூஸைப் பிடுங்கியதும் எண் சரசரவென்று இறங்கி அடியில் போய் நின்றது.

ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கையை விட்டான்.  வெளியே வந்தபோது அவன் கையில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தது. ஒயரைச் சுற்றிக் கறுப்பு டேப்பு.

"இது கம்பெனி வெச்சதில்லீங்க. நீங்க வெக்கச் சொன்னீங்களா?"

"என்ன அது?"

"வண்டி எங்க போகுது, எங்க நிக்குதுன்னு போனுக்குச் சொல்ற பொட்டிங்க. கழட்டினாக்கூடச் சொல்லிரும். உள்ள சிம் இருக்குது. சேலத்துல டவர் பக்கத்துலயே இருக்கும், சேதியை அனுப்பிட்டுக் கம்முனு கெடக்கும். உங்க ஊட்டுப் பக்கம் இந்த சிம்முக்கு டவர் கெடைக்காது. ராவும் பகலும் தேடிக்கிட்டே கெடந்திருக்குது. வண்டியையும் தூங்க உடலை. அதான் பேட்டரி படுக்குது."

பதினொன்றே கால். முக்கால் மணி நேரம். மாடி வீடு. ஜீவானந்தத்துக்கு அந்த எண்கள் வந்த வழி தெரிந்தது. கண்ணால் பார்த்தவர் ஒருவருமில்லை. அப்போது அவர் போன் அடித்தது. தமிழ்செல்வன்.

"மாமா, வண்டிக்கு யாராச்சும் ஒயர்ல கைவெக்கறாங்களா? கண்ட ஆளுககிட்ட உடாதீங்க. நான் கம்பெனி ஆளையே அனுப்பறேன்."

பெட்டியைக் கழற்றி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"உங்களுக்கு யாரு சொன்னது?" என்றார்.

"சும்மா கேட்டனுங்க." சிரிப்புச் சத்தம். "பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தாங்க மாமா. எங்கம்மா கால்ல உழுந்து எந்திரிச்சா அதோட முடிஞ்சு போச்சு. நானும் அதையேதான் சொல்றேன்."

அந்த வார்த்தையை அவர் வீட்டில் சொல்லவில்லை. மல்லிகாவிடம்கூடச் சொல்லவில்லை. ஏரி வளைவில், கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள், மகளிடம் மட்டும் சொன்னது.

"தமிழ்செல்வா" என்றார். மாப்பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "என் புள்ள உன் ஊட்டுக்கு வர மாட்டா."

 எதிர்முனையில் அதே சாந்தமான குரல்: "பஸ் ஏத்தி உட்டுட்டீங்களே மாமா. நான் சேலம் ஸ்டாண்டுலதான் நிக்கறேன்."

ஜீவானந்தம் போனை வைத்தார். ஆண்டனி ராஜிடம் பெட்டியைக் காட்டி, "பேசறதும் கேக்குமா?" என்றார்.

"சிலதுல கேக்குமுங்க. அந்த சிம்முக்குப் போன் போட்டாப் போதும்" என்றவன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினான்.

மகளுக்குப் போட்டார். மணி அடித்து நின்றது. மறுபடி போட்டார். மலைப்பாதையில் லைன் கிடைக்காது என்று தெரிந்தும் போட்டுக்கொண்டே இருந்தார். ஆண்டனி ராஜ் ஒரு வேலையுமில்லாமல் ஷெட்டுக்குப் பின்னால் போனான். ஐந்தாவது தடவை அவள் எடுத்தாள்.

"கண்ணு, சேலத்துல இறங்காத. அவன் ஸ்டாண்டுல நிக்கறான்."

"நிப்பாருன்னு தெரியுங்கப்பா. நான் அடிவாரத்துலயே இறங்கிட்டேன். இப்ப வேற பஸ்ல இருக்கறேன்."

அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வண்டியில் பெட்டி இருந்ததைச் சொன்னார். செவ்வாயும் வியாழனும் அவள் போன இடத்தை அதுதான் அவனுக்குச் சொல்லியிருக்கிறது என்றார். காலையில் பேசினதையும் அவன் கேட்டிருக்கிறான் என்று சொன்னார்.  பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலே அவள் குரல் வந்தது.

"ஏரி வளைவுல நான் சொன்னதெல்லாமாங்க?"

"ஆமா சாமி."

"அவராச்சும் கேட்டாரு. நீங்கதான் கேக்கலீங்க."

 

"தப்புத்தான் கண்ணு. அப்பன் பண்ணுனது தப்புத்தான். ஊட்டுக்கு வா."

"காலைல இதைச் சொல்லியிருந்தா வந்திருப்பேனுங்க."

"எந்த பஸ்ஸுல போற? எங்க இருக்கறேன்னு மட்டும் சொல்லு. நான் வர்றேன்."

"எல்லாரும் என்கிட்ட அதையேதானுங்கப்பா கேக்கறீங்க." அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. "அம்மாகிட்ட நான் நல்லாத்தான் இருக்கறேன்னு சொல்லுங்க. வெக்கறேன்."

அதற்குப் பிறகு போட்டபோது அணைத்து வைத்திருந்தாள். சாரா வீட்டுக்குப் போயிருக்க மாட்டாள். அந்த வீட்டு வாசல் அவனுக்குத் தெரியும். அவள் மூச்சு வாங்கிக்கொள்ளப் போன ஒரே இடம் அதுதான். அதையும் வைத்துத்தான் அவர் அவளைக் குற்றவாளி ஆக்கினார்.

ஆண்டனி ராஜ் மெதுவாக வந்து நின்றான். "இதை என்னங்க பண்ணட்டும்? உடைச்சுப் போட்றட்டுமா?"

"உடைக்காத. போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்கோணும். எங்கிருந்து எடுத்தேன்னு நீயும் வந்து சொல்லு."

"ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போயிருமுங்க கவுண்டரே. உங்க ஊட்டு விஷயம்."

"தெரியட்டும்" என்றார். முப்பது வருடமாக அவர் எதைக் காப்பாற்றி வந்தாரோ அது அந்த ஒரு சொல்லில் போயிற்று. போனது அவருக்கு வலிக்கவே இல்லை. வலி வேறு இடத்தில் இருந்தது.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப மதியம் தாண்டிவிட்டது. வண்டி முதல் அழுத்திலேயே கிளம்பியது, ஒரு குறையுமில்லாமல் ஓடியது. மல்லிகா வாசலிலேயே நின்றிருந்தாள். காலையிலிருந்து உள்ளே போனாளோ இல்லையோ.

"ஏனுங்க, புள்ள போய்ச் சேந்தாளாமா?"

அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பெட்டி, மாப்பிள்ளையின் போன், அடிவாரம், ஸ்டேஷன். ஒன்றையும் மறைக்கவில்லை. ஊர்க்கவுண்டர் வாசலில் குற்றம் ஒப்புக்கொள்ள வருகிறவர்கள் இப்படித்தான் நிற்பார்கள். மல்லிகா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இப்ப எங்க இருக்கறாளாம்?"

"சொல்ல மாட்டேங்கறா."

மல்லிகா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். துடைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"சொல்லாம இருக்கறதே நல்லதுங்க. சொன்னா நீங்க போய்க் கூட்டிக்கிட்டு வருவீங்க. பத்து நாள் கழிச்சு நாலு பெரிய மனுஷங்க வந்து உக்காந்து பேசுவாங்க. மறுபடி பஸ் ஏத்தி உட்டுருவீங்க."

"இல்ல மல்லிகா."

"அவளுக்கு அது தெரியாதில்லீங்க" என்றாள். "எனக்கே தெரியலீங்களே."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அவள் போகும்போது பின்னால் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் ஜீவானந்தம் காலை எடுத்துவைத்தார். என்ன சொன்னால் அந்த வீட்டில் இனி நம்புவார்கள் என்று தெரியாமல், படியிலேயே நின்றுவிட்டார்.