தானாக ஓடும் வரவேற்புரை

தாளாளர் பேசத் தொடங்கினால் இதுவரை ஒருவர்கூட எழுந்து போனதில்லை. கேட்பவர்கள் எல்லாரும் அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் என்பது வேறு விஷயம்.

ஆகவே, "நம்ம வெப்சைட்டத் திறந்ததுமே நான் பேசணும்" என்று அவர் சொன்னபோது கம்ப்யூட்டர் சாரும் எழுந்து போகவில்லை. அது காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி. பிள்ளைகளுக்குத் தட்டச்சும் கணினியில் படம் வரைவதும் கற்றுக்கொடுப்பது கம்ப்யூட்டர் சாருடைய வேலை. பள்ளியின் இணையதளம் தலையில் கட்டப்பட்ட கூடுதல் வேலை. தலையில் கட்டப்பட்டதுதான் என்றாலும், நாளாக நாளாக அது அவருக்குக் கிரீடம் மாதிரி தோன்ற ஆரம்பித்திருந்தது.

"பட்டன் அமுக்குங்கன்னெல்லாம் கேக்கக் கூடாது சார்," என்றார் தாளாளர். "வீட்டுக்கு வர்றவங்கள வாசல்லயே நிக்க வெச்சு, பெல்லடிச்சாதான் வாங்கன்னு சொல்லுவேன்னு இருப்போமா?"

"இருக்க மாட்டோம் சார்."

"அதேதான். எல்லாப் பக்கத்துலயும் போட்டுருங்க."

"எல்லாப் பக்கத்துலயுமா?"

"எந்தக் கதவு வழியா வந்தாலும் வீட்டுக்காரன் நிக்கணும் சார். அப்புறம், படம் பளிச்சுனு இருக்கணும். மீசையில ஒவ்வொரு முடியும் தனித்தனியா தெரியணும்."

ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. இருக்கிற தரத்திலேயே உயர்ந்த தரத்தில் அந்த உரையை ஏற்றினார் கம்ப்யூட்டர் சார். பள்ளியின் வரலாறு, தாளாளரின் வரலாறு, இரண்டும் ஒன்றுதான் என்பதற்கான விளக்கம் ஆகிய மூன்றும் அதில் இருந்தன.

ஒரே ஒரு சிக்கல். யாரும் அழுத்தாமல் தானாக ஓடும் வீடியோவைச் சத்தத்தோடு ஓட பிரவுசர்கள் விடுவதில்லை. அதனால் உரை ஊமையாகத்தான் ஓடியது. ஓரத்தில் உள்ள ஒலிபெருக்கிக் குறியைத் தட்டினால்தான் குரல் வரும். கம்ப்யூட்டர் சார் இதைத் தாளாளரிடம் சொல்லவில்லை. தாளாளரும் கண்டுபிடிக்கவில்லை. திரையில் தன் முகம் வந்தவுடனே அவர் கூடவே மனப்பாடமாகப் பேச ஆரம்பித்துவிடுவார். அறையில் குரல் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

உரைக்குக் கீழே எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஓர் எண் இருந்தது. தளத்தை எவர் திறந்தாலும், எந்தப் பக்கத்துக்குப் போனாலும் உரை தானாக ஓடியதால், அந்த எண் மழைநீர்த் தொட்டி மாதிரி ஏறிக்கொண்டே போனது. பள்ளிக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டினார் தாளாளர். "நான் கேட்டுக்கவே இல்ல. அவங்களா பாக்குறாங்க," என்று அடக்கத்தோடு சொன்னார்.

அந்தத் தளத்தில் நிஜமாகவே ஆள் தேடிவரும் பக்கம் ஒன்று உண்டு. சைகைமொழிப் பாடங்கள். பிள்ளைகள் பள்ளியில் கைகளால் பேசக் கற்றுக்கொள்கிறார்கள். வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லை. அதற்காகப் பெற்றோர்களுக்கென்று சைகை டீச்சர் சின்னச் சின்னப் பாடங்களைப் படமெடுத்துக் கொடுத்திருந்தார். அவருக்கும் பிறவியிலேயே காது கேளாது. அந்தப் பாடங்கள் அத்தனையையும் ஒரே பக்கத்தில், துணிக்கடை அலமாரி மாதிரி வரிசையாக அடுக்கியது கம்ப்யூட்டர் சாரின் சொந்த யோசனை. பள்ளி அலுவலக இணைப்பில் பக்கம் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி, கைகட்டி, கொஞ்ச நேரம் அதை ரசித்தார்.

ரசிக்காதவள் அவருடைய அக்கா. அவள் ஒரு சலவைக் கடையில் துணி தேய்த்து மடிக்கிறாள். அவள் மகள் குட்டி இதே பள்ளியில்தான் படிக்கிறாள்.

"உன் வெப்சைட்டு சுத்திக்கிட்டே நிக்குதுடா," என்பாள் அக்கா.

"உன் போன் கிழம்க்கா."

"உனக்கு எத்தனை வயசுடா? உன்னவிட அது சின்னது."

"சிக்னல் சரியில்லாம இருக்கும்."

"அதே சிக்னல்ல பக்கத்து வீட்ல படமே ஓடுது. அழுற சத்தம் இங்க கேக்குது."

"அதெல்லாம் வேறக்கா. உனக்குச் சொன்னாப் புரியாது," என்று தம்பி பெரிய மனதோடு பேச்சை முடித்துவைப்பார்.

ஒரு விடுமுறை நாள் அக்கா வீட்டுக்குப் போனவருக்குத் பாடப் பக்கத்துக்குத் தான் கொடுத்திருந்த புது நிறம் எப்படியிருக்கிறது என்று பார்க்க ஆசை வந்தது. அவருடைய போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. அக்காவின் போனைக் கேட்டார். அவள் தயங்கினாள்.

"காலையிலேருந்து நெட்டத் தொடாம வெச்சிருக்கேன்டா. சாயங்காலம் குட்டிகூட உக்காந்து பாடம் பாக்கணும்."

"ஒரு நிமிஷம்க்கா. திறந்து மூடப் போறேன், அவ்ளோதான்."

திறந்தார். வெள்ளையாக இருந்தது. இன்னும் வெள்ளையாகவே இருந்தது. புது நிறத்தைக் காணவில்லை. பிறகு மேலே தாளாளர் வந்தார், வாயை அசைத்தார், பாதி வாயில் நின்றார், மறுபடி அசைத்தார். கீழே பாடங்கள் இருக்கவேண்டிய இடமெல்லாம் சாம்பல் நிறக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் சார் விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனார். வட்டங்கள் முடியவே இல்லை. அவர் பாடம் தேடிய நேரமெல்லாம் மேலே தாளாளர் மீசை மீசையாக இறங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் குறுஞ்செய்தி ஒன்று வந்தது: இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது.

பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த குட்டி சத்தமில்லாமல் சிரித்தாள். ஒரு கையை வாத்தின் அலகு மாதிரி திறந்து திறந்து மூடினாள். இன்னொரு கையின் ஆள்காட்டி விரலைச் சுற்றினாள்.

"என்னக்கா அது?"

"உங்க தாளாளரு," என்றாள் அக்கா. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எல்லாம் அவருக்கு வெச்சிருக்கிற பேரு. வாயும் வட்டமும்."

தம்பி வெடித்துச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"அவ சொல்றதுல எனக்குப் புரியிற ஒரே விஷயம் இது ஒண்ணுதான்டா."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"போன வாரம் பள்ளிக்கூடத்துல ஏதோ நடந்திருக்கு. வந்ததும் வராததுமா கையால சொல்றா, சொல்றா, மூச்சு வாங்கச் சொல்றா. எனக்கு ஒண்ணும் புரியல. புரிஞ்ச மாதிரி தலையாட்டிக்கிட்டே இருந்தேன். நடுவுல நிறுத்திட்டு என் மூஞ்சியையே பாத்தா. கண்டுபிடிச்சிட்டா. அப்புறம் ரெண்டு கையையும் மடியில வெச்சிக்கிட்டா." அக்கா போனை வாங்கி முந்தானையால் துடைத்தாள், அழுக்கே இல்லாத இடத்தை. "அதுலருந்து என்கிட்ட எதுவும் சொல்றதில்ல. பசிச்சா தட்ட எடுத்து நீட்டுறா. அவ்ளோதான். வீட்ல விருந்தாளி மாதிரி இருக்கா. நானும் தினம் ஒரு பாடமாவது கத்துக்கலாம்னுதான் பாக்குறேன். தினமும் இவரு வாய மட்டும் பாத்துட்டுப் படுக்குறேன்."

தம்பிக்கு ஏதாவது விளக்கம் சொல்லவேண்டும் போலிருந்தது. வாய்வரை வந்த விளக்கத்தில் "கிழட்டு போன்" என்ற சொல் இருந்ததால் அதை விழுங்கிவிட்டார்.

மறுநாள் பள்ளியில் அலுவலக இணைப்பைத் துண்டித்துவிட்டு, மெதுவான இணைப்பில் தன் பக்கத்தைத் தானே திறந்து பார்த்தார். அலமாரி அழகாகத்தான் இருந்தது. யாரோ ஒரு துணி கேட்டால் கடையையே தூக்கி வீட்டுக்கு அனுப்பும் அலமாரி அது. பார்க்காத பாடத்துக்கும் அதை ஓட்டும் பிளேயர் இறங்கியது. பார்க்காத பிளேயரும் டேட்டாவைத் தின்றது.

அன்றே பிரித்துப் போட்டார். ஒவ்வொரு பாடத்துக்கும் பதிலாக ஒரு சின்னப் படம், அதன்மேல் ஒரு முக்கோணம். பின்னால் வேறெதுவும் இல்லை. விரல் பட்டால்தான் பிளேயர் வரும், அதுவும் அந்த ஒன்றுக்கு மட்டும். வீடியோக்களையும் சுருக்கினார். உற்சாகத்தில் கொஞ்சம் அதிகமாகவே சுருக்கிவிட்டார். சைகை டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, தன் போனில் தட்டச்சு செய்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்: "என் விரல்கள் எங்கே? கையுறை போட்டுவிட்டீர்களா?" கம்ப்யூட்டர் சார் நாக்கைக் கடித்துக்கொண்டார். பின்னால் தொங்கும் திரைச்சீலையை வெட்டி எறிந்தார், டீச்சரின் முகத்தையும் கைகளையும் மட்டும் வைத்தார், அசைவில் கைவைக்கவில்லை. டீச்சர் கட்டைவிரலை உயர்த்தினார்.

மிச்சம் இருந்தது தாளாளர்.

"சார், உங்க வீடியோ எந்த இடத்துல நிக்குதோ, அந்த மூஞ்சிதான் எல்லாருக்கும் தெரியுது," என்று மெதுவாக ஆரம்பித்தார் கம்ப்யூட்டர் சார். "பாதி வாயி திறந்து, ஒரு கண்ணு மூடி..."

தாளாளர் நிமிர்ந்தார். "ஒரு கண்ணா?"

"சில நேரம் ரெண்டும் சார். அதுக்குப் பதிலா நல்ல போட்டோ ஒண்ணு வெச்சிட்டா, தொட்டாத்தான் பேச்சு ஓடும்னு பண்ணிடலாம்."

போட்டோ என்றதும் மற்றது எதுவும் தாளாளர் காதில் ஏறவில்லை. புத்தக அலமாரி முன்னால், பூமி உருண்டையைத் தொட்டபடி, ஜன்னலுக்கு வெளியே எதிர்காலத்தைப் பார்த்தபடி என்று படங்கள் எடுக்கப்பட்டன. எதிர்காலம் தேர்வானது.

பிறகுதான் எண் நின்றது. தொட்டியின் குழாயை மூடியது போல நின்றது. மறுநாள் ஒன்று கூடியது. அது தாளாளர் தொட்டது. அதற்கு மறுநாள் இன்னொன்று, அதுவும் அவரே.

அழைப்பு வந்தது. கம்ப்யூட்டர் சார் போனபோது தாளாளர் மேசைமேல் கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

"சைட்டுல ஏதோ கோளாறு சார். ஜனங்க என்னத் தேடுவாங்க. பழையபடி மாத்திருங்க."

சரி சார் என்பது கம்ப்யூட்டர் சாருக்கு இருமல் மாதிரி, தானாகவே வந்துவிடும். அன்று அதை அடக்கினார்.

"மாத்த வேண்டாம் சார். எங்க அக்கா பொண்ணு இங்க படிக்கிறா. எங்க அக்கா பாடம் பாக்குறதுக்குள்ள உங்க உரையே அவ டேட்டாவ முடிச்சிட்டிருந்துச்சு. நெறைய வீட்ல இதே கதைதான் இருக்கும்."

"அப்ப உங்க அக்கா என் உரைய முழுசா பாத்திருக்காங்க!"

"வாய் அசையிறதப் பாத்திருக்கா சார். சத்தம் வராது."

"ஏன் வராது?"

"தானா ஓடுற வீடியோவுக்குச் சத்தம் விட மாட்டாங்க சார். ஆரம்பத்துலேருந்தே இல்ல. நான் சொல்லாம விட்டது தப்பு."

தாளாளர் மேசையில் ஊன்றியிருந்த கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இவ்ளோ நாளா," என்றார், "காது கேக்காத பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல, கையால பேசாம, வாயாலயும் சத்தமில்லாம..." வாக்கியத்தை முடிக்கவில்லை. "ஒருத்தரும் சொல்லலியே சார்."

"இல்ல சார்."

"போடுங்க. சத்தத்தோட போடுங்க. என்னதான் சொல்லிருக்கேன்னு கேப்போம்."

போட்டார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். திரையில் தாளாளர் பள்ளியின் வரலாற்றைத் தொடங்கினார். நிஜத் தாளாளர் முதலில் தலையை அசைத்து ஆமோதித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஜன்னலைப் பார்த்தார். வரலாறு இன்னும் அடிக்கல் நாட்டு விழாவையே தாண்டவில்லை. அவருடைய விரல் மெல்ல நீண்டு, திரையின் அடியில் ஊரும் சிவப்புப் புள்ளியைத் தொட்டு, கொஞ்சம் முன்னால் தள்ளியது. இன்னும் கொஞ்சம். பிறகு கடைசிவரை தள்ளிவிட்டது.

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"போட்டோவுக்கு நெறைய டேட்டா பிடிக்குமா?" என்று கேட்டார் தாளாளர்.

"கொஞ்சம்தான் சார்."

"அப்ப போட்டோ மட்டும் இருக்கட்டும்." கம்ப்யூட்டர் சார் கதவு வரைக்கும் போனபிறகு கூப்பிட்டார்: "கொஞ்சம்தான் பிடிக்கும்னா, கொஞ்சம் பெருசாவே போடுங்க."

பெரிதாகவே போட்டார். மனிதர் அந்த அளவுக்காவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவருக்குத் தோன்றியது.

சில வாரங்கள் கழித்து கம்ப்யூட்டர் சார் அக்கா வீட்டுக்குப் போனார். கதவு திறந்திருந்தது. அக்கா கூடத்தில் மடிக்காத துணிக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். எதிரில் குட்டி. குட்டியின் கைகள் பறந்துகொண்டிருந்தன. நடுவில் அக்கா கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லி, ஒரு சைகை செய்து காட்டினாள். குட்டி தலையில் அடித்துக்கொண்டாள்; அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரலை மடக்கி, சரியாக வைத்துவிட்டாள். அக்கா மறுபடி செய்தாள். குட்டி தொடர்ந்தாள்.

தம்பி பள்ளியில் தினமும் இப்படிப் பேசும் கைகளுக்கு நடுவே நடமாடுகிறவர்தான். கணினியைச் சுட்டிக் காட்டியே அத்தனை வகுப்பையும் ஓட்டிவந்ததால், இதில் ஒரு சொல்கூட அவருக்குப் பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். தாங்க முடியவில்லை.

"என்னக்கா சொல்றா?"

அக்கா மகளிடமிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"பொறுடா, பேசிட்டிருக்கோம்ல."