வாசலில் கேட்ட கேள்வி

சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் மற்றவர்களைவிடச் சந்தோஷமாக இருக்கிறார்களா என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லோரும் காரில் வந்திருந்தார்கள்.

அவளுக்கு அது முதல் வேலை. குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆளும் அவள்தான். ஆய்வு நிறுவனத்தில் ஆறு மாதம் தற்காலிகம்; ஒழுங்காக முடித்தால் நிரந்தரம். வேலை என்னவென்றால், ஓர் அட்டையைத் தூக்கிக்கொண்டு காலையில் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்பது; ஆலை வாசலும் அலுவலக வாசலும் அவளே தேர்ந்தெடுத்த இடங்கள். அட்டையில் ஐந்து முகங்கள் வரைந்திருக்கும். ஓவென்று அழும் முகம், உம்மணாமூஞ்சி, சும்மா இருக்கும் முகம், புன்னகை, பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு. வருகிறவர் எதில் வந்தார் என்று குறித்துக்கொண்டு, "இப்ப மனசு எப்படி இருக்கு, ஒரு முகத்தைத் தொடுங்க" என்று கேட்க வேண்டும். அழுகைக்கு ஒன்று, சிரிப்புக்கு ஐந்து. மூன்றாம் நாளே அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவள் பட்டியலில் ஒரு சலவை ஆலையும் இருந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்பும் பெரிய ஆலை. அங்கேதான் அவளுடைய அம்மா பதினெட்டு வருஷமாக இஸ்திரி உருளைக்கு முன்னால் நிற்கிறாள். விரிப்பின் ஒரு முனையை அம்மாவும் மறு முனையை இன்னொருத்தியும் பிடித்து உருளைக்குள் கொடுக்க வேண்டும். சுருக்கம் விழுந்தால் திரும்ப நனைக்க வேண்டும். வேலைக்குப் போக முக்கால் மணி நேரம் சைக்கிள், வர முக்கால் மணி நேரம்.

ஆலை வாசலில் காலை ஏழரைக்குக் கேள்விக்காரி அட்டையோடு நின்றாள். பத்தடி தள்ளி மேற்பார்வையாளர் நின்றார். அவருக்கு ஆலையில் பெயர் தராசு. ஆளைப் பார்த்தவுடனே எடை போட்டுவிடுவார் என்பதால் வந்த பெயர். பஸ்ஸில் வந்தவர்கள் சும்மா இருக்கும் முகத்தையும் புன்னகையையும் தொட்டுவிட்டுப் போனார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களோ, சொல்லிவைத்த மாதிரி உம்மணாமூஞ்சியைத் தொட்டார்கள். அம்மா வந்தாள். தலை கலைந்திருந்தது, மூச்சு வாங்கியது. மகளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அழுகிற முகத்தின்மேல் விரலை வைத்தாள்.

"எழுதிக்க. நேரமாச்சு."

அந்த விரல் அவளுக்கு நெஞ்சில் குத்தியது. இந்த சைக்கிளில் போய் வந்துதான் அம்மா அவளைப் படிக்கவைத்தாள். தினமும் அழுதுகொண்டே போயிருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லாமல். கேள்விக்காரிக்குக் கோபம் வந்தால் எழுத்து நன்றாக வரும். அறிக்கையில் எழுதினாள்: இந்த ஆலைத் தொழிலாளர்களுக்கு சைக்கிள் விருப்பம் அல்ல, தண்டனை. நிர்வாகம் உடனே வேன் விட வேண்டும். பஸ்காரர்களின் சராசரி மூன்றைத் தாண்டியது, சைக்கிள்காரர்களுடையது இரண்டைக்கூடத் தொடவில்லை, இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அவளுடைய தலைமை அதிகாரி, எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் அம்மையார், படித்துவிட்டுத் தலையாட்டினார். "எழுத்துல சூடு இருக்கு. நிரந்தரம் பண்றப்ப நினைவு வச்சுக்கறேன்."

இரண்டு வாரத்தில் ஆலைப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து எல்லோருக்கும் வேன். சைக்கிள் கொட்டகை காலி செய்யப்பட்டு அங்கே பெட்டிகள் அடுக்கப்படும். கேள்விக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. முதல் முறையாக அவள் எழுதிய ஏதோ ஒன்று நடந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் அம்மா தட்டை வைத்த சத்தத்தில் அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"யாரு எழுதின அறிக்கையாம் அது?" என்றாள் அம்மா, தட்டைப் பார்த்து.

"நான்தாம்மா. உனக்காகத்தான்."

"எனக்காகன்னு உன்கிட்ட யாரு வந்து கேட்டா?"

"நீதானேம்மா அழுமூஞ்சியைத் தொட்ட."

"தொட்டா? தொட்டா கொட்டகையை இடிச்சுடுவியா?"

"வேன் வருதும்மா. உட்கார்ந்துகிட்டே போகலாம்."

"பதினெட்டு பேரு இடிச்சுக்கிட்டு உட்கார்ந்து போறதுக்கு ஒரு பட்டதாரி வேணுமா எனக்கு." அம்மா எழுந்து போனாள். அப்புறம் மூன்று நாள் பேச்சு இல்லை. தம்பியிடம் பேசினாள், அப்பாவிடம் பேசினாள், பால் குக்கரிடம்கூடப் பேசினாள். மகளிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

கேள்விக்காரி மண்டையை உடைத்துக்கொண்டாள். அழுகிறேன் என்று சொன்ன ஆளே, அழவைப்பதை எடுக்காதே என்று சண்டைக்கு வந்தால் என்ன அர்த்தம்? யோசித்துப் பார்த்தால், அம்மா வேலைக்குப் போவதை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. அம்மா கிளம்பும்போது இவள் தூங்குவாள், அட்டை தூக்கும் நாளில் அதற்கும் முன்பே பஸ் பிடித்துவிடுவாள். படித்த காலத்தில் விடுதியில் தூங்கினாள். நூற்றுக்கணக்கான பேர் எப்படிப் போகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறாள், பெற்றவள் எப்படிப் போகிறாள் என்று தெரியாது.

நான்காம் நாள் காலை பக்கத்து வீட்டு அக்காவிடம் சைக்கிளைக் கேட்டு வாங்கினாள்.

"எங்க இவ்வளவு காலையில?"

"அம்மாவைத் துரத்தப் போறேன்."

"வயசுப் பொண்ணை அம்மா துரத்துறதைப் பார்த்திருக்கேன், இது புதுசா இருக்கு," என்றாள் அக்கா. "பின் பிரேக் பிடிக்காது, பார்த்துப் போ."

வீட்டுக்குள்ளிருந்து அப்பா, கண்ணாடி எங்கே என்று கேட்பது தெருவரை கேட்டது. தம்பி, சட்டை எங்கே என்றான். "பெட்டி மேல, கொடியில," என்று வாசலிலிருந்தே பதில் சொல்லிவிட்டு அம்மா சைக்கிளில் ஏறினாள். தெருமுனை திரும்பும்வரை தோள் இறுகி, தலை குனிந்து, பாக்கி கேட்கும் பால்காரனுக்குப் பயந்த மாதிரி ஓரமாகவே போனாள். அதுவரை அறிக்கையில் எழுதியது சரியாகத்தான் இருந்தது.

கடைத்தெரு தாண்டியதும் அம்மா நிமிர்ந்தாள். வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தாள். நாற்பத்தெட்டு வயசுக்காரி, முன்னால் போன தபால்காரரை முந்தினாள். முந்தும்போது அவருக்கு மணி அடித்துக் காட்டினாள். அவர் பின்னாலிருந்து, "நாளைக்குப் பார்க்கலாம்," என்று கத்தினார். இது இன்றைக்குத் தொடங்கிய போட்டி இல்லை என்பது கேட்டாலே தெரிந்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நீளமான இறக்கம், இரண்டு பக்கமும் மரம். அம்மா மிதியிலிருந்து காலை எடுத்து இரண்டு பக்கமும் நீட்டிவிட்டாள். ஒரு கையை விட்டு யாரையோ அதட்டினாள். அங்கே யாரும் இல்லை. அதட்டி முடித்ததும் பாட ஆரம்பித்தாள். வீட்டில் அம்மா பாடி அவள் கேட்டதே இல்லை. சுருதி சுத்தமாகச் சேரவில்லை, அதைப் பற்றிப் பாடுகிறவளுக்குக் கவலையும் இல்லை. பின்னால் வந்த கேள்விக்காரி, பிரேக் பிடிக்காதது நினைவுக்கு வந்து, ஒரு மணல் குவியலில் மோதி நின்றாள்.

தட்டிவிட்டு எழுந்து திரும்பவும் மிதித்துப் பிடித்தபோது, ஆலைக்கு ஒரு திருப்பம் முன்னால் டயர் கடைச் சுவருக்குப் பின்னே நாலைந்து சைக்கிள்கள் நின்றன. எல்லாம் ஆலைப் பெண்கள். ஒருத்தி கொண்டையை அவிழ்த்துக் கலைத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி சிரித்த களையை முந்தானையால் துடைத்தாள். அம்மா தோளைத் தொங்கப்போட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிப் பார்த்து, "போதுமா?" என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் வாடணும் அக்கா. நேத்து ரொம்ப பளிச்சுனு போயிட்ட."

அப்போதுதான் எல்லோரும் கேள்விக்காரியைப் பார்த்தார்கள். முழங்காலில் மணல், மூச்சு நிஜமாகவே வாங்கியது.

"இவ யாரு, நம்மளைவிட நல்லா நடிக்கிறா," என்றாள் கொண்டைக்காரி.

"என் பொண்ணுதான்," என்றாள் அம்மா. மூன்று நாளில் முதல் பேச்சு. "அட்டை தூக்கிட்டு வந்தாளே, அந்த மகராசி."

"என்னம்மா இதெல்லாம்?"

அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஈரக்கட்டுக்கு தினமும் ஆறு பேரு வேணும். துவைச்சு எடுத்த விரிப்பு, காய்ஞ்சதுக்கு ரெண்டு மடங்கு எடை. நாள் பூரா தூக்கிப் போட்டா மறுநாள் இடுப்பு நிமிராது. யாரைப் போடலாம்னு தராசு வாசல்ல நின்னு மூஞ்சியைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவான். யாரு தெம்பா வராங்களோ அவங்க ஈரக்கட்டு. பஸ்ல வரவங்களுக்குக் கவலை இல்லை, பஸ்ஸே கசக்கி அனுப்பிடும். சைக்கிள்ல வந்தா காத்து பட்டு முகம் பளபளன்னு இருக்கும்டி. என்ன பண்றது?"

"அதுக்காக அழுமூஞ்சியைத் தொட்டியா?"

"பத்தடியில அவன் நிக்கிறான். நீ சிரிக்கிற மூஞ்சியைக் காட்டித் தொடுன்னு சொல்ற. உனக்குப் புள்ளி வேணும், எனக்கு இடுப்பு வேணும்."

"இதை வீட்டுல சொல்லியிருக்கலாமே."

"நீ எதையும் காகிதத்துல எழுதிடுவ."

உண்மை அதுதான். கேள்விக்காரி கோபத்தோடு பஸ் நிறுத்தம் வரை சைக்கிளைத் தள்ளினாள், கோபம் யார் மேல் என்று தெரிந்த கோபம். ஆலை வாசலில், மேற்பார்வையாளர் காதில் விழும்படி, சந்தோஷமா என்று கேட்டிருக்கிறாள். நாலு வருஷம் படித்து வாங்கிய பட்டத்துக்கு இது தெரியவில்லை.

இப்போது சிக்கல் ஒன்று இருந்தது. உள்ளதை உள்ளபடி எழுதினால் கொட்டகை பிழைக்கும். ஆனால் அறிக்கையின் பிரதி ஆலைக்குப் போகும், தராசு படிப்பார், மறுநாளிலிருந்து வாடிய முகம் எல்லாம் ஈரக்கட்டுக்குப் போகும். எழுதாவிட்டால் ஒண்ணாம் தேதி வேன் வரும்.

மேடம் முன்னால் போய் நின்றாள்.

"ஆலை அறிக்கை தப்பு மேடம். கேள்வியை வாசல்ல வச்சுக் கேட்டிருக்கக் கூடாது. வழியில வச்சுக் கேட்டிருக்கணும். மறுபடி கேட்டு எழுதித் தரேன்."

"வாசல்னா என்ன தப்பு?"

"முதலாளி வீட்டு வாசல்ல நின்னு உண்மையைச் சொல்லுன்னா யாரு சொல்லுவா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது யாரு?"

"நான்தான்."

"உனக்கு நிரந்தரம் வர்ற நேரம் இது. கோப்புல ஏறும்."

"ஏறட்டும் மேடம். தப்பு என்னுது."

"வேற ஏதாவது காரணம் இருக்கா?"

"இருக்கு. சொல்ல மாட்டேன்."

மேடம் ஒரு வாரம் கொடுத்தார். நிரந்தரத்தை மூன்று மாதம் தள்ளியும் போட்டார்.

மறுநாள் காலை கேள்விக்காரி வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் அட்டையோடு நின்றாள். ஒருத்தரும் நிற்கவில்லை. இறக்கத்தில் வேகமாக வருகிறவர்களை நிறுத்தி, நீங்கள் சந்தோஷமா என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? "நிறுத்தின உடனே போயிடும்மா," என்று கத்திக்கொண்டே ஒருவர் போனார். அட்டையைக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு அவளும் மிதித்தாள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓட்டிப்போய்க் கேட்டாள். நாலு காலை, முப்பத்தேழு பேர். கொண்டைக்காரி ஐந்து என்றாள். தொட்டித் துவைப்புக்காரர் ஒருவர் ஒன்று என்றார். "எனக்கு மூட்டு வலி. நிஜமாவே வேன் வேணும். இவங்க பேச்சைக் கேட்டு வேனை நிறுத்திடாத தாயி." எழுதிக்கொண்டாள். கல்யாணம் ஆகி மூன்று மாதமான ஒருத்தி, சைக்கிளுக்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்லை, வீட்டில் சண்டை என்றால் எதில் போனாலும் சண்டைதான் என்றாள். அதையும் எழுதிக்கொண்டாள்.

அம்மா கடைசி நாள்தான் அகப்பட்டாள்.

"சந்தோஷமா இருக்கியாம்மா?"

"தெரியலடி. இந்த முக்கால் மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. அது என்ன கணக்கோ உனக்குத்தான் தெரியும்."

"ஒரு எண் சொல்லணும்மா."

"எத்தனை வரைக்கும் இருக்கு?"

"அஞ்சு."

"நாலு போடு. ஒண்ணு மழைக்கு."

கூட்டிச் சராசரி பார்த்தால் சைக்கிள்காரர்கள் மூன்றேகால். பஸ்காரர்களையும் நிறுத்தத்தில் வைத்துக் கேட்டாள், மூன்று சொச்சம். கேள்விக்காரிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இறக்கத்தில் காலை நீட்டிய அம்மாவைப் பார்த்த பிறகு, பெரிதாக ஏதோ வரும் என்று நினைத்திருந்தாள். மேடம் எண்களைப் பார்த்து, "ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லையே," என்றார்.

"இல்லை மேடம்."

"அப்ப சைக்கிள் ஓட்டினா சந்தோஷம்னு சொல்ல முடியாது."

"தண்டனைன்னும் சொல்ல முடியாது."

அறிக்கையில் அவ்வளவுதான் போனது. தண்டனை இல்லை என்று ஆனபின், கொட்டகையைக் காலி செய்ய ஆலைக்காரர்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இல்லாமல் போயிற்று. பலகையில் புது அறிவிப்பு வந்தது: வேன், விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். கொட்டகை இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வாசலில் உட்கார்ந்து சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். கேள்விக்காரி பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அம்மா, இறக்கத்துல ஒரு கையை விட்டு யாரையோ திட்டினியே. யாரை?"

அம்மாவின் கை சங்கிலியில் நின்றது. "அதையும் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எழுதுவியா?"

"எழுத மாட்டேன். சத்தியமா."

அம்மா மிதியை ஒரு சுற்று சுற்றிவிட்டாள். சக்கரம் சத்தமில்லாமல் ஓடியது.

"எழுதாட்டியும் சொல்ல மாட்டேன்," என்றாள்.