திரும்பி வராத லைசென்ஸ்

லோரீன் தன் வீட்டுச் சுவரிலிருந்து ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்த கண்ணாடிச் சட்டத்தை மேஜைமேல் வைத்தாள். தங்கநிற ஓரம், மேலே இரண்டு புறாக்கள், நடுவே கொட்டை எழுத்தில் 'திருமணச் சான்றிதழ்', அடியில் போதகர் ஆர்வில் ஸ்டம்போவின் கையெழுத்து. பெல்ஃபோர்க் கவுண்டியின் மாவட்ட அலுவலகத்தில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் டார்லா அதை ஒரு நொடி பார்த்தாள். பிறகு லோரீனின் முகத்தைப் பார்க்காமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இது செல்லாதுக்கா."

"செல்லாதா? ஆறு வருஷமா எங்க கூடத்துல தொங்குது. வர்றவங்க போறவங்க எல்லாரும் பாத்துட்டுத்தான் போறாங்க."

"இது சர்ச்சுல சும்மா அன்பளிப்பா குடுக்கறது, அக்கா. பைபிள் விக்கிற கடையில டஜன் கணக்குல கெடைக்கும். உங்களுக்கு வேண்டியது எங்க புத்தகத்துலேருந்து எடுத்த நகல், முத்திரை வெச்சது. இருங்க, தேடித் தர்றேன்."

கல் மாதிரி கனக்கும் புத்தகத்தைத் தூக்கி வந்து புரட்டினாள் டார்லா. 1982, ஜூன். இதோ இருக்கிறது: ஹோபர்ட் டாகெட், வயது அறுபத்தொன்று, மனைவியை இழந்தவர். லோரீன் பிரைஸ், வயது ஐம்பத்தைந்து, முதல் கல்யாணம். லைசென்ஸ் கொடுத்த தேதி ஜூன் மூன்று. லோரீனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் டார்லாவின் விரல் பக்கத்தின் கீழ்ப்பாதிக்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. கீழ்ப்பாதியில் ஒரு எழுத்துகூட இல்லை.

"பாஸ்டர் திருப்பி அனுப்பவே இல்லையேக்கா!"

"என்னத்த அனுப்பல?"

"லைசென்ஸ்ங்கறது கல்யாணம் பண்ணிக்க நாங்க குடுக்கற அனுமதி, அவ்வளவுதான். கல்யாணம் முடிஞ்சதும் பாஸ்டரும் ரெண்டு சாட்சியும் அதுல கையெழுத்துப் போட்டு, ஒரு மாசத்துக்குள்ள இங்க அனுப்பணும். அது வந்து சேந்தாத்தான் கல்யாணம் நடந்ததுன்னு இந்தக் கீழ்ப்பாதியில ஏறும். இப்ப புத்தகத்தப் பொறுத்தவரைக்கும் நீங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம்னு சொல்லிட்டுப் போனவங்க. பண்ணிக்கிட்டவங்க இல்ல."

மற்ற நாளாக இருந்தால் லோரீன் சிரித்திருப்பாள். ஆனால் அன்று வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் ஹோபர்ட் காபிக் கோப்பையைக் கையில் வைத்தபடியே செத்துப்போயிருந்தான்.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதன் அவன். வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஓர் ஆப்பிள் மரம் உண்டு. அதன் அடியில் தன் கையாலேயே நாலு பக்கமும் வேலி போட்டு, "இங்க நான், பக்கத்துல நீ. நான் குறட்டை விட்டேன்னு அங்கயும் எட்டி உதைக்காத, ஆமா" என்று சொல்லி வைத்திருந்தான். அந்த இடத்தில் அவனைப் படுக்க வைக்க வேண்டும் என்பதைத் தவிர லோரீன் இப்போது வேறெதுவும் கேட்கவில்லை.

குறுக்கே வந்து நின்றவன் ஹோபர்ட்டின் மகன் டெல்மர். முதல் மனைவி செத்து இரண்டு வருஷத்தில் அப்பா இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டது அவனுக்குப் பொறுக்கவில்லை, கல்யாணத்துக்கே வரவில்லை. இப்போது அப்பாவின் உடலை எடுத்துப்போக ஒஹாயோவிலிருந்து வண்டியோடு வந்திறங்கிவிட்டான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது. அங்கே அவன் அம்மாவின் கல்லறைக் கல்லில் அப்பாவின் பெயரையும் பிறந்த வருஷத்தையும் செதுக்கி, செத்த வருஷத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லைப் பார்த்துப் பார்த்தே அவனுக்கு எட்டு வருஷம் போயிருக்கிறது.

"அந்தம்மா எங்கப்பாகூட இருந்தாங்க, ஒத்துக்கறேன்," என்று புதன்கிழமையே சொல்லிவிட்டான் அவன், இறுதிச்சடங்கு இல்லம் நடத்தும் பிளெவின்ஸிடம். "கல்யாணம்னா காகிதத்தக் காட்டச் சொல்லுங்க."

பிளெவின்ஸ் கைகளைப் பிசைந்தார். "லோரீன், ஒன் கல்யாணத்துல நான் கேக் சாப்பிட்டேன், மறக்கல. ரெண்டு துண்டு சாப்பிட்டேன். பொண்டாட்டிக்குத்தான் மொத உரிமை, ஆனா அதுக்குக் காகிதம் வேணும்; பெத்த புள்ள பிறப்புச் சான்றிதழோட நிக்கறான். நாளைக்கு என்மேல கேஸு போட்டா, கேக் சாப்பிட்டேன்னு நீதிபதிகிட்டச் சொல்ல முடியுமா? வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணி. அதுக்குள்ள நகல் கொண்டா; வருது, வருதுன்னு சொன்னாப் பத்தாது. இல்லேன்னா நான் ஒடம்ப அவன்கிட்டக் குடுத்துத்தான் ஆகணும்."

நாற்பது பேர் பார்க்க நடந்த கல்யாணம்! நாற்பது பேரும் ஒரே ஊரில் உயிரோடு இருக்கிறார்கள். இருந்து என்ன பிரயோசனம்?

டார்லா தானே போதகர் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "அவர் கையில அந்த லைசென்ஸ் இருந்தா போதும்க்கா. ஆறு வருஷம் லேட்டானாலும் பதிஞ்சுடலாம், சட்டம் ஒண்ணும் தடுக்கல. ஆளத்தான் புடிக்கணும்."

ஆளைப் பிடிப்பதா! சாயங்காலம் லோரீன் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து ஊரில் ஜெபக்கூட்டமாம். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே மறுபடி போய் வாசலில் காருக்குள் உட்கார்ந்தாள். எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. வான்கோழி வேட்டைக்காலம் என்பது ஒன்பதரைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. போதகர் மலையில் எந்தப் புதருக்குள் உட்கார்ந்து வான்கோழி மாதிரி குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறாரோ, யாரிடம் போய்க் கேட்பது? காரின் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, ஹோபர்ட் செத்த அன்றுகூட அழாத அளவுக்கு அழுதாள்.

பத்தேகாலுக்கு ஆர்வில் ஸ்டம்போ தோளில் ஒரு பெரிய வான்கோழியைத் தொங்கவிட்டுக்கொண்டு பாட்டுப் பாடியபடி இறங்கி வந்தார்.

"லோரீன்! ஹோபர்ட் அடக்கத்துக்கு நேரம் குறிக்க வந்தியாம்மா? என்ன பாட்டு வெக்கலாம்னு மேல ஒக்காந்து அதத்தான் யோசிச்சிட்டிருந்தேன்."

"பாஸ்டரய்யா, எங்க லைசென்ஸ் எங்க?"

"எந்த லைசென்ஸ்?"

அவள் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். "அதெல்லாம் எப்பவோ போயிருக்குமேம்மா. கல்யாணம் முடிஞ்சா கையெழுத்துப் போட்டு பைபிளுக்குள்ள வெப்பேன். நாப்பது வருஷமா அப்படித்தான். அங்கேருந்து அது தானா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். வான்கோழி தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

தானாகவா? காகிதத்துக்குக் கால் முளைத்திருக்கிறதா? ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் மனைவி ஓப்பல் அந்தப் பைபிளைத் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்து, உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். செய்கிறேன் என்று அவளும் ஒரு நாள் சொன்னதில்லை. செய்தாயா என்று அவரும் கேட்டதில்லை. ஓப்பல் செத்து எட்டு வருஷம்.

உள்ளே போய்ப் பைபிளைக் கொண்டுவந்து மேஜைமேல் கவிழ்த்தார். மடித்த காகிதங்கள் விழுந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, பதினொன்று. நாலாவது காகிதம் ஹோபர்ட் டாகெட், லோரீன் பிரைஸ். மூன்று கையெழுத்தும் அழகாக இருந்தன, ஒரு குறையும் இல்லை.

"கெளம்புங்க," என்றாள் லோரீன். "அப்புறம் வருத்தப்படலாம்."

கவுண்டி அலுவலகத்துக்கு மலைப்பாதையில் முக்கால் மணி நேரம். வழியெல்லாம் நிலக்கரி லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது; முந்த இடமே இல்லை. பதினொன்றரைக்கு உள்ளே நுழைந்தால், மாசக் கடைசி வெள்ளிக்கிழமை. கார் நம்பர் பதிவைப் புதுப்பிக்கவும் அதே மேஜைதான். வரிசை வாசல்வரை நின்றது. போதகர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுங்கப்பா, அவசரம்" என்று கெஞ்சினார்.

"எல்லாருக்கும் அவசரந்தான் பாஸ்டரய்யா," என்றான் ஒருவன். "சுரங்கத்துல அர நாள் லீவு போட்டுட்டு நிக்கறேன்."

தலை தூக்கிய டார்லா லோரீனைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுக் காகிதத்தை வாங்கினாள். வரிசை முணுமுணுத்தது. காகிதத்தைச் சரிபார்த்து, புத்தகத்தை இறக்கி, கீழ்ப்பாதியில் நிறுத்தி எழுதினாள். ஒரு எழுத்து பிசகினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிறகு நகல் எடுத்து, தலைமைக் குமாஸ்தா உள்ளறையிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டு, முத்திரையை அழுத்தினார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐந்து. டார்லா அதற்குள் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தாள்.

"பிளெவின்ஸ் சார், நகல் என் கையில இருக்கு. குடுத்துடாதீங்க."

அந்தப் பக்கம் சொன்னதை அவள் முகம் சொல்லிவிட்டது. பன்னிரண்டு அடிக்கிறவரைக்கும் பிளெவின்ஸ் வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அடித்ததும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாராம். வண்டி போயாயிற்று.

"மறிக்க முடியாதா?" என்றார் போதகர்.

"எதச் சொல்லி மறிக்கறது? போற வண்டியில இருக்கறதும் முறையான காகிதந்தான்." டார்லா மெதுவாக லோரீன் பக்கம் திரும்பினாள். "அக்கா, வக்கீல் வெச்சு நீங்க கேஸு போடலாம். ஒஹாயோ கோர்ட்டு உத்தரவு குடுத்தா, புதைச்சாலும் தோண்டி..."

"வேண்டாம்," என்றாள் லோரீன். "அந்த மனுஷன் தூக்கம் கெட்டா நாள் பூரா சிடுசிடுன்னு இருப்பாரு. அவரத் தோண்டியெல்லாம் எழுப்ப வேண்டாம்."

முத்திரை இன்னும் சூடு ஆறாத அந்த நகலை அவள் நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். ஹோபர்ட்டின் மனைவி என்று அரசாங்கம் ஒத்துக்கொண்ட முதல் நிமிஷத்தில் அவளிடம் ஹோபர்ட் இல்லை.

போதகர் மீதிப் பத்துக் காகிதங்களையும் மேஜைமேல் பரப்பினார். டார்லா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இவங்களுக்கு நாலு புள்ளைங்க. இவரு வியட்நாம் போயிட்டு வந்தவரு, உடம்புக்கு முடியாமக் கெடக்காரு. ஐயோ, இந்த ஜோடி விவாகரத்தே வாங்கிட்டாங்களே! நடக்காத கல்யாணத்தயா பிரிச்சாங்க?" வரிசையில் யாரோ சிரித்தார்கள். போதகர் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்கம் செய்யவில்லை. பைபிளைத் திறக்காமல் மேடையில் நின்றார்.

"ஹோபர்ட்ட நம்ம மேட்டுல அடக்கம் பண்ண முடியாமப் போனதுக்கு டெல்மர் காரணமில்ல, பிளெவின்ஸும் காரணமில்ல. நான்தான். எம் பொண்டாட்டி சத்தமில்லாம செஞ்ச வேலைய, கடவுள் செய்யறாருன்னு எட்டு வருஷமா நெனச்சுட்டிருந்தேன். சாட்சி சொல்லி, கட்டி வெச்சு, கேக் சாப்பிட்டாப் போதும்னு இருந்துட்டேன். ஒரு தபால்தல ஒட்டறதுக்கு எனக்கு நேரமில்ல. லோரீன், ஒங்கிட்ட மன்னிப்புக் கேக்கக்கூட எனக்கு வாயில்லம்மா."

மூன்றாவது வரிசையில் லோரீன் எழுந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது.

"மன்னிக்கறதும் மன்னிக்காததும் அப்புறம் பாத்துக்கலாம் பாஸ்டரய்யா," என்றாள். "இங்க எல்லாரு வீட்டுலயும் புறா போட்ட சட்டம் தொங்குது, எனக்குத் தெரியும். அத நம்பாதீங்க. காகிதம் யாரோ அனுப்பியிருப்பாங்கன்னும் நம்பாதீங்க. ரெண்டு பேரும் உசுரோட இருக்கும்போதே, ஒண்ணாப் போயி, அந்தப் புத்தகத்துல ஒங்க பேரு ஏறியிருக்கான்னு ஒங்க கண்ணால பாத்துட்டு வாங்க. நான் பாத்தேன். தனியாப் போயிப் பாத்தேன்."