பொன்னம்பலத்தின் குதிரைகள் குறைந்த கதை

ஒன்ராறியோவில், மார்க்கம் நகரத்துக்கு வடக்கே, சோளத் தோட்டங்களுக்கு நடுவில் வாடகைக்கு எடுத்த லாயமொன்றில் பொன்னம்பலம் வளர்த்த ஏழு குறுங்குதிரைகளும், யாராவது அவற்றைப் பற்றி அவரிடம் சுகம் விசாரித்த ஒவ்வொரு தடவையும், ஒரு நெல்மணியின் அகலம் உயரத்தில் குறைந்தன. இது இரண்டாயிரத்து இருபத்துமூன்றாம் ஆண்டு ஆவணியில் தொடங்கியது. அந்த மாதம் ஸ்காபரோக் கடைகளில் முருங்கைக்காய் வரத்தும் குறைவாக இருந்தது, மழையும் குறைவாக இருந்தது. ஆகவே குதிரைகள் குறைந்ததை முதலில் எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குறுங்குதிரை என்பது முழுதாக வளர்ந்த பின்பும் ஒரு மனிதரின் இடுப்பைத் தாண்டாத இனம். பிடரிமயிர் முடியும் இடத்தில் அளந்தால் முப்பத்துநான்கு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்பது குறுங்குதிரை உரிமையாளர் ஒன்றியத்தின் சட்டம். இவ்வளவுக்குக் கீழே குறையக்கூடாது என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை; அப்படியொரு வரி தேவைப்படும் என்று அதை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

பொன்னம்பலம் ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் குடியிருந்தார். முப்பது ஆண்டுகள் பிளாஸ்ரிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் இயந்திரத்தோடு இயந்திரமாக நின்றுவிட்டு, ஓய்வு பெற்ற அடுத்த வசந்தத்தில் இந்தக் குதிரைகளை வாங்கினார். பிறந்தநாள் கொண்டாட்டங்களுக்கும் மணமக்களை மண்டபத்துக்குள் அழைத்து வருவதற்கும் குறுங்குதிரைகளைக் கேட்டு வாங்கிப் போகும் பழக்கம் நகரத்துத் தமிழரிடையே அப்போது பரவியிருந்தது. பதினொரு உரிமையாளர்கள் சேர்ந்து ஒன்றியமும் அமைத்திருந்தார்கள். பொன்னம்பலத்தின் மனத்தில் ஒரு பட்டியல் இருந்தது. வெள்ளை நிறத்தில் ஒரு சோடி வேண்டும். அவை இழுக்க ஒரு சிறு வண்டி வேண்டும். இலையுதிர்காலக் கண்காட்சியில் முதற் பரிசு வேண்டும். தன் லாயத்திலேயே பிறந்த குட்டியொன்று வேண்டும். அவரிடம் இருந்தவையோ ஏழும் கபில நிறம். அவற்றுள் மூத்தவள் பவளம். அவர் வாசலுக்கு வந்ததும் தலையை அவருடைய இடது கமக்கட்டுக்குள் நுழைத்துக்கொண்டு, அவர் தானாக விலகும்வரை அப்படியே நிற்பாள். அந்தப் பட்டியலில் அவளுடைய பெயர் இல்லை. இருப்பதைப் பட்டியலில் எழுதும் வழக்கம் அவருக்கு இல்லை.

தன்னுடையதை நன்று என்று தன் வாயாலேயே சொன்னால் நாவூறு, அதாவது புகழ்ச் சொல்லால் வரும் திருஷ்டி, பட்டுவிடும் என்று அவர் நம்பினார். அவரைச் சேர்ந்தவர்களும் நம்பினார்கள். மகள் துர்க்கா பல்கலைக்கழகத்தில் முதலாவதாக வந்தபோது, “ஏதோ படிக்கிறாள்” என்றார். மனைவி பேபி சமைத்த கணவாய்க் கறியை மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, “சாப்பிடலாம்” என்றார். கடையில், கோயில் வீதியில், இறந்தவரைப் பார்வைக்கு வைத்திருக்கும் மண்டபத்தில் என்று கண்ட இடமெல்லாம் மக்கள், “எப்பிடி அண்ணை உங்கட குதிரையள்?” என்று கேட்டார்கள். அவரும் மாறாமல், “ஏதோ இருக்குதுகள்” என்றார். மனிதர்களிடையே அந்தச் சொல்லால் ஒரு சேதமும் இல்லை. கேட்பவர் அதைத் தட்டிவிட்டு உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்வார். ஒன்ராறியோவில் பிறந்த குதிரைகளுக்கு அந்த வழக்கம் தெரியாது. அவை சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டன. முப்பது கிலோமீற்றருக்கு அப்பால் சொன்னது எப்படிக் கேட்டது, தமிழ் எப்படி விளங்கியது என்பதை எவரும் ஆராயவில்லை.

கார்த்திகை பிறந்தபோது, முன்பு ஐந்து வயதுப் பிள்ளையைச் சுமந்த குதிரைகள் மூன்று வயதுப் பிள்ளையைத்தான் சுமந்தன. மார்கழியில் பொம்மைகளை மட்டுமே சுமந்தன. சேணங்கள் தளர்ந்தன. பொன்னம்பலம் புதிய தீனி வாங்கினார், தண்ணீரை மாற்றினார், பழைய தீனிக்கே திரும்பினார், லாயத்தின் தரையைக் கிளறிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. முன்பு வாயளவில் சொன்ன குறையை இப்போது மனதாரவே சொல்லத் தொடங்கினார். குதிரைகள் முன்னிலும் வேகமாகக் குறைந்தன. அளவுகோலோடு லாயத்துக்குப் போவதும், உதட்டைக் கடித்தபடி திரும்புவதும், வழியில் நெடுஞ்சாலையையும் மற்றைய சாரதிகளையும் ஏசுவதுமாக அந்தக் குளிர்காலம் கழிந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தது ஒன்றியத்தின் திருப்திப் படிவம். உரிமையாளர்கள் தத்தம் மந்தையில் எவ்வளவு திருப்தி கொண்டிருக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் தை மாதத்தில் கேட்டு எழுதுவது ஒன்றியத்தின் வழக்கம். அந்த ஆண்டு ஒன்பது பேர் பரவாயில்லை என்று எழுதினார்கள். லாயத்தின் மறுபாதியில் இரண்டு குதிரைகள் வைத்திருந்த தச்சர் யோசப், அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டார். அவர் கேள்வி கேட்டால் காலநிலையைப் பற்றிப் பேசும் மனிதர். தலைவரான மன்னார் மரியரட்ணம் மட்டும் தம் குதிரைகளைப் புகழ்ந்து எட்டுப் பக்கம் எழுதி, இடம் போதாமல் ஒன்பதாவது தாளையும் குத்தி அனுப்பினார். மறுநாள் காலை ஒன்பது மந்தைகள் குறைந்திருந்தன, யோசப்பின் இரண்டும் இருந்தபடி இருந்தன, மரியரட்ணத்தின் மந்தை ஒரு சாண் உயர்ந்திருந்தது. அவருடைய ஆண்குதிரை நாற்பத்தொரு அங்குலத்தை எட்டியது. அவர் தலைவர் என்றபடியால் சட்டம் திருத்தப்பட்டது. உறுப்பினர்கள் பலர் யோசப்பைப் பார்த்துக் காலநிலையைப் பேசப் பழகிக்கொண்டார்கள். பொன்னம்பலம் பழக முயன்றார். ஆனால் குளிரைப் பற்றித் தொடங்கினாலும் அவருடைய பேச்சு இரண்டாவது வசனத்திலேயே குதிரைகளின் குறைக்கு வந்து நின்றது.

“நீங்கள் சொல்லச் சொல்ல அதுகள் சின்னனாகுதுகள்,” என்றாள் பேபி. “முப்பத்தெட்டு வருசமா உந்தக் கதையெல்லாம் கேட்டுக்கொண்டு நானும்தான் இருக்கிறன். நான் மட்டும் ஏன் பெருத்துக்கொண்டு போறன் எண்டதுதான் எனக்கு விளங்கேல்லை.”

இதுவரையில் நட்டம் உயரத்தோடு நின்றது. ஆனால் பவளம் சினையாக இருந்தாள். குறைச்சல் தொடங்குவதற்கு இரண்டு மாதங்கள் முன்பு, முந்திய ஆனியில், மரியரட்ணத்தின் ஆண்குதிரையோடு அவளைச் சேர்த்திருந்தார்கள். வைகாசியில் ஈன வேண்டும். பொன்னம்பலத்தின் சொல்லால் தாய் குறைந்துகொண்டிருந்த அதே நாட்களில், மரியரட்ணம் நகரமெங்கும், “என்ர குதிரையின்ர வித்து, சும்மாவே? பாருங்கோவன், சிங்கக்குட்டி மாதிரி வரும்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். குட்டி அதைக் கேட்டு வயிற்றுக்குள் செழித்தது. பங்குனியில் பவளத்தின் வயிறு வைக்கோலில் உரசியது. மிருக வைத்தியர் அனோஜா, ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவள், கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒரு தரம் வைத்துப் பார்த்தாள்.

“அங்கிள், குட்டி இஸ் ஹியூஜ். இவ இப்ப ஒரு நாய்க்குட்டி சைஸ். இது வெளியில வராது. வெட்டி எடுக்கவும் ஏலாது, ஷீ வோன்ட் சர்வைவ். உங்களால இவவக் கொஞ்சம் வளர்க்க ஏலுமெண்டா, பிளீஸ், இப்பவே செய்யுங்கோ.”

பொன்னம்பலம் மரியரட்ணத்தின் வீட்டுக்குப் போய், வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவரிடம் கெஞ்சினார். குட்டியைப் புகழ வேண்டாம் என்று கேட்டார். மரியரட்ணம் நல்ல மனிதர்; கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணை, நான் பொய் சொல்லுறன் எண்டால் நிப்பாட்டலாம். உண்மையை எப்பிடி நிப்பாட்டுறது? உங்கட வாயைத் திறந்து ஒரு நல்ல சொல் சொல்லுங்கோவன், என்ன வந்தது?” என்றார். அன்று முதல் பொன்னம்பலம் குளியலறைக் கண்ணாடிக்கு முன் நின்று பயின்றார். காரில் பயின்றார். லாயத்துக்குப் போய்ப் பவளத்தின் முன் முழந்தாளிட்டு, “நீ திறமான குதிரை. எனக்கு நல்ல திருப்தி” என்று சொன்னார். பவளம் அவரைப் பார்த்தாள். அவருடைய சொற்களுக்குப் பின்னால் வெள்ளைச் சோடியும் வண்டியும் கண்காட்சிப் பரிசும் வரிசையாக நிற்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்; முகத்தைத் திருப்பி வைக்கோலைத் தின்றாள். அளவுகோல் அசையவில்லை. அவர் அளவுகோலை முறித்து எறிந்தார். பிறகு அடுத்த நாளே வேறொன்று வாங்கினார். சித்திரை முடிவில் அவள் பதினெட்டு அங்குலம். கமக்கட்டுக்கு எட்டாத காரணத்தால் அவருடைய சப்பாத்தின் மேல் தலையை வைத்துக்கொண்டு நின்றாள்.

வைகாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அவளுக்கு நோக்காடு கண்டது. அனோஜா வந்தாள், பேபி வந்தாள், பக்கத்துப் பாதியிலிருந்து யோசப் வந்தார். குட்டியைப் பார்க்க மரியரட்ணமும் வந்து, வாசலிலேயே, “என்ர செல்வம்…” என்று தொடங்கினார். பேபி அவரைக் காருக்குள் இருத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிடச் சொன்னாள். அவர் பணிந்தார், ஆனாலும் கண்ணாடிக்குள் அவருடைய உதடுகள் அசைவது தெரிந்தது. முன்கால் ஒன்று தெரிந்தது, அதற்கு மேல் எதுவும் வரவில்லை. இருபது நிமிடம் போயிற்று. அனோஜாவின் கைகள் முழங்கைவரை நனைந்திருந்தன. அவள் நிமிர்ந்து, தாயா குட்டியா என்று கேட்காமல், “அங்கிள், என்னால குட்டியைத்தான் காப்பாற்ற ஏலும் போல. ஐ ஆம் சொறி” என்றாள்.

பொன்னம்பலம் கத்தினார். அனோஜா படித்த பள்ளிக்கூடத்தை ஏசினார், லாயத்தின் வெளிச்சத்தை ஏசினார், காருக்குள் இருந்தவரை ஏசினார், யோசப் வாங்கிய வைக்கோலை ஏசினார், குதிரை வாங்கும் புத்தியைத் தனக்குத் தந்த காலத்தை ஏசினார். ஏசி முடிந்து மூச்சு வாங்கியபோது, பவளத்தின் அருகில் தரையில் இருந்தார். அவருடைய கை அவளுடைய முதுகில் இருந்தது. அந்த முதுகின் அகலம் அவருடைய உள்ளங்கையிலும் பெரிதல்ல.

“எல்லாரையும் ஏசிப்போட்டியள்,” என்றாள் பேபி. “இனி ஒண்டு கேக்கிறன், அதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ. உங்களுக்கு என்ன வேணும்?”

அவர் வாயைத் திறந்தார். பட்டியலைச் சொல்வதற்காகவே திறந்தார்; நாலு ஆண்டுகளாகப் பாடமாக இருந்த பட்டியல். வெள்ளைச் சோடியைத் தேடினார், கிடைக்கவில்லை. வண்டியைத் தேடினார். பரிசு எந்தக் கண்காட்சியில் என்பதே மறந்துபோயிற்று. குட்டி என்ற இடத்துக்கு வந்தபோது அது வேண்டுமென்று சொல்ல நா எழவில்லை. தேடித் தேடிப் போனவருக்குக் கைக்குக் கீழே இளஞ்சூடாக இருந்த அந்த முதுகைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை.

“ஒண்டும் வேண்டாம்,” என்றார். “குட்டியும் வேண்டாம். இவள் இருந்தாள் எண்டால் எனக்குப் போதும். இவளைவிட நல்ல குதிரை எனக்கு வேண்டாம்.”

நாவூறு படும் என்ற பயம் அவருக்கு அப்போது வரவில்லை. கை மெல்ல உயர்ந்தது. தான்தான் தூக்குகிறார் என்று முதலில் நினைத்தார். கை தோளுக்கு வந்தது, காதுக்கு வந்தது, பிறகு தலைக்கு மேலே போயிற்று. கையை எடுக்க மனமில்லாமல் அவர் எழுந்து நின்றார். அனோஜா, “ஓகே, ஓகே, கீப் கோயிங் அங்கிள்” என்று சொல்லிக்கொண்டே இரண்டு முன்கால்களையும் பிடித்து ஒரு தரம் இழுத்தாள். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, குட்டி வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. பெண்குட்டி, கபில நிறம். பேபி போர்வையால் அதைத் துடைத்தாள். பொன்னம்பலம் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, யாரும் கேட்காமலே, இவளைப் போல ஒருத்தி உலகத்தில் இல்லை என்றும், முதல் நாளே தனக்கு அது தெரியும் என்றும், மற்ற ஆறும் ஒரு குறையும் இல்லாதவை என்றும், வேறும் பலவும் சொல்லிக்கொண்டிருந்தார். பவளம் அவருக்கு மேலாகத் தலையை நீட்டிக் குட்டியை நக்கினாள். அளந்தபோது ஐந்து அடி இருந்தாள். மற்றைய ஆறும் தத்தம் பழைய உயரத்துக்கு வந்து நின்றிருந்தன.

அந்த லாயம் குறுங்குதிரைகளுக்கென்று கட்டப்பட்டது. மனிதர்களே குனிந்து நுழையும் வாசல். யோசப் தன் காரிலிருந்து மரம் அரியும் வாளையும் பென்சிலையும் எடுத்து வந்து, நிலைக்கு மேலே சுவரில் கோடு போட்டார். கோடு ஏழரை அடியில் விழுந்தது.

“குதிரை அஞ்சடிதானே அண்ணை?” என்று பேபி கேட்டாள்.

“ஓம், இப்ப அஞ்சடி,” என்றார் யோசப், பென்சிலைக் காதில் செருகியபடி. “அங்க பாருங்கோ உங்கட மனிசனை. இன்னும் சொல்லி முடிக்கேல்லை. நான் ரெண்டு தரம் வெட்டேலாது.”

ஏழரை அடிக்கே வெட்டினார்கள். எட்டாம் நாள் காலை, வெயில் ஏறிய பிறகு, பவளம் அந்த வாசலால் தலையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு வெளியே வந்தாள். குட்டி அவளுடைய வயிற்றுக்குக் கீழாக, எங்கும் முட்டாமல், முன்னே ஓடிப் போயிற்று.